தோட்டா உறையில் கறை: நிறத்தைப் பார்த்துக் கோளாறு கண்டறியும் வழிமுறை

சுட்டபின் துப்பாக்கியிலிருந்து தெறித்து விழும் பித்தளை உறையைப் பொறுக்கியெடுத்துத் துலக்கி, அதில் மீண்டும் பிரைமரும் (அடியில் பொருத்தும், தீமூட்டும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் ஏற்றிப் பயன்படுத்தும் வழக்கம் அமெரிக்காவில் இலக்குச் சுடுவோரிடையே நெடுங்காலமாக உள்ளது. நான் வசிக்கும் டெக்சாஸில் இது பலருக்கும் வார இறுதிப் பொழுதுபோக்கு. புதிதாக இதில் இறங்கும் நம்மவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு மேல், மருந்தின் அளவைப் பற்றியதாகவோ குண்டின் எடையைப் பற்றியதாகவோ இருப்பதில்லை, "துலக்கினேன், ஆனால் கறுத்துவிட்டது", "பச்சை படிந்திருக்கிறது, தூக்கி எறிய வேண்டுமா?" என்பன போன்ற கேள்விகளாகவே இருக்கின்றன. அத்தகைய அடையாளங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு, காரணம் எது, செய்ய வேண்டியது எது என்று இங்கே எழுதியிருக்கிறேன். மருந்து ஏற்றும் வேலையைப் பற்றி இதில் எதுவும் இல்லை.

அதற்கு முன் ஓர் எச்சரிக்கை. அமெரிக்காவில் சொந்த உபயோகத்திற்காகத் தோட்டாவை மறுநிரப்புவது பொதுவாக அனுமதிக்கப்பட்ட செயல் என்றாலும், இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உரிமமின்றித் தோட்டா தயாரிப்பதைத் தடை செய்கிறது. ஊருக்குப் போகும்போது ஒரு வெற்று உறையைக்கூட ஞாபகப்பொருளாகப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். சுடும் திடலுக்கு எடுத்துச் சென்ற தோள்பையையே விமானப் பயணத்திற்கும் எடுத்துச் செல்பவர்கள், அதன் ஒவ்வொரு பையறையையும் கவிழ்த்துப் பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

துலக்கத் தொடங்கும் முன்

உறைகள் பெரும்பாலும் நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளையால் ஆனவை. கறை என்று நாம் சொல்வதெல்லாம் இந்த இரண்டு உலோகங்களில் ஒன்று காற்றோடோ ஈரத்தோடோ அமிலத்தோடோ வினைபுரிந்ததன் விளைவுதான். எந்த உலோகம், எதனோடு வினைபுரிந்தது என்பதை நிறம் சொல்லிவிடும். உறை கண்ணாடி போலப் பளபளக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. மணலும் கரியும், உறையை மீண்டும் அளவுக்குக் கொண்டுவரும் அச்சில் கீறல் போடாத அளவுக்குச் சுத்தமாகவும், வெடிப்போ குழியோ இருந்தால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குத் தெளிவாகவும் இருந்தால் போதும்.

அழுக்கில் இருக்கும் ஆபத்து காரீயம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பின் வெள்ளீயத்தோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். வழக்கமான பிரைமரில் உள்ள லெட் ஸ்டிஃப்னேட் என்னும் சேர்மம் வெடித்து, உறையின் உட்புறத்தில் காரீயத் தூளாகப் படிகிறது. அது நச்சு, குழந்தைகளுக்குப் பெருங்கேடு. ஆகவே உறை கழுவும் வாளி, சல்லடை, கரண்டி, துணி எதுவும் சமையலறைக்குத் திரும்பக் கூடாது. கையுறை அணிய வேண்டும். வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கை கழுவிய பிறகே எதையும் உண்ண வேண்டும்.

அடுத்தது பிரித்தல். பொறுக்கிய குவியலின் மேல் ஒரு காந்தத்தை ஓட்டினால் எஃகு உறைகள் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அவற்றில் சில பித்தளை நிறப் பூச்சோடு இருப்பதால் கண்ணை மட்டும் நம்ப முடியாது. அலுமினிய உறைகள் காந்தத்துக்கு மசியாது. அவற்றை வெளிறிய சாம்பல் நிறத்தைப் பார்த்துத்தான் ஒதுக்க வேண்டும். அளவு வாரியாகவும் பிரித்துவிடுங்கள். இல்லாவிட்டால் 9 மில்லிமீட்டர் உறை .40 (இது அங்குலக் கணக்கு) உறைக்குள்ளும், அது .45 உறைக்குள்ளும் புகுந்து, பொம்மைக்குள் பொம்மை போல இறுகிக்கொள்ளும், இரண்டும் சுத்தமாகாது. சுடாத முழுத்தோட்டா ஏதும் கலந்திருக்கிறதா என்று பார்ப்பதும் இந்தக் கட்டத்தில்தான். அதை அமிலத்திலோ நீரிலோ போடக் கூடாது.

அடையாளம்: உறை முழுவதும் ஒரே சீராகப் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கிறது

திடலின் ஓரத்தில் மழையிலும் மண்ணிலும் சில மாதங்கள் கிடந்த உறை இப்படித்தான் இருக்கும். இது செம்பின் ஆக்சைடு. மேற்பரப்பில் மெல்லிய ஏடாகப் படிந்திருக்கிறதே தவிர, உலோகத்தின் வலிமையைக் குறைப்பதில்லை. பார்க்கத்தான் கேவலமாக இருக்கும். பழைய பித்தளைக் குடம் பரணில் கறுத்துக் கிடப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

முதலில் சுடுநீரில் சில துளி பாத்திரச் சோப்பு விட்டு அலசி, மண்ணைப் போக்குங்கள். பிறகு ஒரு லிட்டர் சூடான நீரில் ஒரு மேசைக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூளைக் கரைத்து, அதில் உறைகளைப் போட்டு அவ்வப்போது கிளறிவிட்டால், பத்து நிமிடத்திற்குள் கறுப்பு கழன்று நீர் இளநீலமாகவோ பச்சையாகவோ மாறும். அந்த நிறம் கரைந்து வந்த செம்பினுடையது. பத்து நிமிடத்தில் போகாத கறை ஒரு மணி நேரத்தில் போய்விடும் என்று ஊறவிடாதீர்கள். எடுத்து இரண்டு மூன்று முறை நல்ல நீரில் அலசிவிட்டு, தேவையானால் புதிய கரைசலில் இன்னொரு பத்து நிமிடம் போடலாம்.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்கிப் பழகியவர்களுக்கு உடனே எழும் கேள்வி, புளியே போதாதா என்பது. புளியில் உள்ள டார்டாரிக் அமிலமும் இதே வேலையைத்தான் செய்கிறது; செய்யாது என்று சொல்ல முடியாது. ஆனால் கழுத்துக் குறுகிய ரைஃபிள் உறைக்குள் புளியின் சக்கையும் நாரும் போய் ஒட்டிக்கொண்டால் வெளியே எடுப்பது பெரும்பாடு. புளியோடு உப்பையும் சேர்த்துத் தேய்க்கும் வழக்கம் விளக்குக்குச் சரி. நூறு வளிமண்டலங்களுக்கும் மிக அதிகமான அழுத்தத்தைத் தாங்க வேண்டிய உறைக்கு, உப்பின் குளோரைடு ஒவ்வாது. பாத்திரம் துலக்கும் கரகரப்பான பொடியும் வேண்டாம். அது போடும் கீறல்கள், உண்மையான வெடிப்பை மறைத்துவிடும்.

அடையாளம்: துலக்கியபின் இளஞ்சிவப்புத் திட்டுகள் தெரிகின்றன

இது நம் கைவேலையின் விளைவு. அமிலத்தில் அதிக நேரம் கிடந்ததால் பித்தளையின் மேற்பரப்பிலிருந்து துத்தநாகம் கரைந்துபோய், செம்பு மட்டும் எஞ்சி நிற்கிறது. தொடக்க காலத்தில் நான் நூற்றுச் சொச்சம் .308 உறைகளை வினிகரில் போட்டுவிட்டு மறந்து தூங்கிப்போனேன். காலையில் எழுந்து பார்த்தபோது வாளி நிறையச் செப்புப் பாத்திரம் போலச் சிவந்து கிடந்தது. வினிகரோடு உப்பும் சேர்த்திருந்ததால் சேதம் இன்னும் கூடியிருந்தது.

இன்னொரு காரணமும் உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஏற்கெனவே பயன்படுத்திய, செம்பு கரைந்துள்ள அமில நீரில் ஓர் எஃகு உறையோ இரும்பு ஆணியோ விழுந்துவிட்டால், கரைந்திருந்த செம்பு வெளியேறி அருகிலுள்ள பொருள்களின் மேல் சிவப்புப் பூச்சாகப் படியும். பத்து நிமிடம்தானே ஊறவைத்தேன், ஏன் சிவந்தது என்று குழம்புபவர்கள், வாளியின் அடியில் ஓர் எஃகு உறை கிடக்கிறதா என்று தேடிப் பார்க்க வேண்டும்.

சிவப்பு மேலோட்டமானதா ஆழமானதா என்று சோதிக்க, மிக நுண்ணிய எஃகுப் பஞ்சால் அந்த இடத்தை நாலைந்து தடவை மெதுவாகத் தேயுங்கள். சிவப்பு மறைந்து மஞ்சள் தெரிந்தால், உறை நல்லது. உலர்முறையில், அதாவது உலர்ந்த தூளோடு பொறியில் போட்டு, இரண்டு மணி நேரம் உருட்டினால் நிறம் சீராகிவிடும். தேய்த்த பிறகும் சிவப்பாகவே இருந்தாலோ, சிவப்புப் புள்ளி ஒரு சிறு குழியின் அடியில் உட்கார்ந்திருந்தாலோ, அங்கே துத்தநாகம் ஆழம் வரை போய்விட்டது என்று பொருள். அந்த உறையைக் குறட்டால் நசுக்கிப் பழைய உலோகக் கூடையில் போட்டுவிடுவதுதான் சரி. நசுக்காமல் போட்டால், வேறொருவர் பொறுக்கிக்கொண்டு போய்விடுவார்.

அடையாளம்: பச்சையாகவோ நீலப்பச்சையாகவோ படிந்திருக்கிறது

இதற்குத் தமிழில் களிம்பு என்ற நல்ல சொல் இருக்கிறது. ஈரமும் அமிலமும் உப்பும் சேர்ந்து செம்பைத் தின்றதன் அடையாளம் அது. தோல் பட்டையில் தோட்டாவைச் செருகி வைத்திருப்பவர்கள் இதை அடிக்கடி பார்ப்பார்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலிலுள்ள அமிலம் பித்தளையோடு வினைபுரிந்து, தோல் தொட்ட இடத்தில் மட்டும் பச்சை வளையத்தை உண்டாக்கும். அழகுக்காகத் தோல் பட்டை வைத்திருக்கலாம்; தோட்டாவைச் சேமிக்கும் இடம் அதுவல்ல.

பச்சையைக் கண்டவுடன் எறிய வேண்டியதில்லை. முதலில் மூங்கில் குச்சியாலோ பிளாஸ்டிக் முனையாலோ சுரண்டி எடுங்கள். அந்தத் தூள் பறக்காதபடி ஈரத்துணியின் மேல் வைத்துச் சுரண்டுவது நல்லது. பிறகு முன்னர் சொன்ன சிட்ரிக் அமிலக் குளியல். உலர்ந்தபின் அந்த இடத்தில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் நிறமாற்றம் மட்டும்தான், வைத்துக்கொள்ளலாம். நகம் மாட்டினால் அங்கே குழி இருக்கிறது. அடிப்பகுதியில் இருந்தாலும் சரி, கழுத்தில் இருந்தாலும் சரி, அந்த உறையின் ஆயுள் முடிந்தது. புதிய உறையின் விலையை நினைத்துக் குழிவிழுந்த உறையைத் தக்கவைத்துக்கொள்பவர்களின் கணக்கு எனக்குப் புரிந்ததே இல்லை.

கரிமருந்து என்னும் பழைய வகை வெடிமருந்து கொண்டு சுடுபவர்கள், உதாரணமாக 1873ஆம் ஆண்டிலிருந்து புழக்கத்திலுள்ள .45-70 உறையைப் பழைய முறையில் நிரப்புபவர்கள், களிம்புக்காகக் காத்திருக்கவே கூடாது. கரிமருந்தின் எச்சம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். ஆகையால் திடலிலேயே ஒரு மூடியுள்ள டப்பாவில் சோப்பு நீர் வைத்துக்கொண்டு, சுட்ட கையோடு உறையை அதில் போட்டுவிட வேண்டும். பழைய சோவியத் இராணுவக் கையிருப்புத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரும் உப்பை விட்டுச் செல்லும். அவற்றில் பெரும்பாலான உறைகள் மறுநிரப்ப வசதியற்ற எஃகு உறைகள். அங்கே கவலைப்பட வேண்டியது துப்பாக்கிக் குழலைப் பற்றித்தான்.

அடையாளம்: ஈரமுறையில் உருட்டியபின் உறை மஞ்சளாக வராமல், சாம்பல் நிறமாகவோ கறுத்தோ வெளிவருகிறது

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. உருட்டும் பொறிக்கு ஆங்கிலத்தில் டம்ளர் என்று பெயர். காபி குடிக்கும் டம்ளரைத் தவிர வேறொன்றை அறியாத வீட்டாரிடம் "புது டம்ளர் வாங்கப் போகிறேன், இருநூறு டாலர்" என்று சொன்னால் என்ன பதில் வரும் என்பதை அனுபவித்தவர்கள் அறிவார்கள். ஈரமுறையில், சுழலும் உருளைக்குள் நீர், சோப்பு, சிறிதளவு அமிலம், பொடிப்பொடியான எவர்சில்வர் ஊசிகள் ஆகியவற்றோடு உறைகளைப் போட்டுச் சுழற்றுகிறோம்.

பதினைந்து பவுண்டு கொள்ளளவுள்ள உருளைக்குப் பலரும் பின்பற்றும் அளவு: ஐந்து பவுண்டு ஊசி, இரண்டு பவுண்டு உறை, ஒரு கேலன் நீர், ஒரு மேசைக்கரண்டி பாத்திரச் சோப்பு, கால் தேக்கரண்டி சிட்ரிக் அமிலத் தூள். ஒரு கேலன் நீரின் எடை எட்டு பவுண்டுக்குச் சற்று மேல் என்பதால், ஊசி, உறை, நீர் மூன்றையும் கூட்டினால் உருளையின் கொள்ளளவு ஏறத்தாழ நிறைந்துவிடும். இரண்டு பவுண்டு என்பது .223 உறையில் ஏறத்தாழ 150, .308 உறையில் ஏறத்தாழ 85. "இன்னும் ஐம்பது சேர்த்துப் போட்டால் என்ன" என்ற ஆசையில்தான் பாதிக் கோளாறுகள் தொடங்குகின்றன. உறை அதிகமானால் நீர் குறையும். நீர் குறைந்தால் கழன்ற கரி மிதந்து பிரிய இடமின்றி, மீண்டும் உறையின் மேலேயே அப்பிக்கொள்ளும்.

கறுப்புக்கு முதல் காரணம் அதுவே: அழுக்கு நீர். அதிலும் பிரைமரை முன்கூட்டியே நீக்கிவிட்டு உருட்டினால், பிரைமர் இருந்த குழியிலுள்ள கரி முழுவதும் நீரில் இறங்கும். இதற்கு எளிய தீர்வு, இருபது நிமிடம் வெறும் சோப்பு நீரில் உருட்டி அந்தக் கறுப்பு நீரை வடித்துவிட்டு, புதிய நீரில் சோப்பும் அமிலமும் சேர்த்து இரண்டு மூன்று மணி நேரம் உருட்டுவது. இதை ஒருமுறை செய்து பார்த்தவர்கள் பழைய முறைக்குத் திரும்புவதில்லை.

இரண்டாவது காரணம் கடினநீர். சான் அன்டோனியோ போன்ற ஊர்களில் குழாய்நீர் சுண்ணாம்புப் பாறையின் ஊடாக வருவதால், சோப்பு நுரைக்காமல் திரிந்து, உறையின் மேல் சாம்பல் நிறப் பிசுக்காக ஒட்டும். உருளையைத் திறக்கும்போது மேலே நுரையே இல்லை என்றால் உங்கள் நீர் அத்தகையது. அமிலத்தைக் கால் தேக்கரண்டியிலிருந்து அரைத் தேக்கரண்டி வரை கூட்டலாம். அல்லது நீரை மட்டும் மாற்றி, கடையில் விற்கும் காய்ச்சி வடித்த நீரில் ஒருமுறை சோதித்துப் பார்க்கலாம். அதில் பளிச்சென்று வந்தால் குற்றம் குழாயில்தான்.

மூன்றாவது, அமிலம் மிகுதியாவது. குறைந்தால் கறுக்கும் என்று கேள்விப்பட்டவர்கள் கைநிறைய அள்ளிப் போடுகிறார்கள். அதிக அமிலமும், நான்கைந்து மணி நேரச் சுழற்சியும் சேர்ந்தால், முதலில் பொன்னிறமாக வந்த உறை மறுபடி மங்கி, மேலே சொன்ன இளஞ்சிவப்பை நோக்கிப் போகும். சமையலில் உப்பைப் போலத்தான். குறைந்தால் சேர்க்கலாம், கூடினால் எடுக்க முடியாது.

நான்காவது காரணம் ஒரே ஓர் அலுமினிய உறை. அது உருண்டு உருண்டு தேய்ந்து, நீர் முழுவதையும் சாம்பல் நிறக் கூழாக்கிவிடும். எத்தனை முறை கழுவினாலும் அந்தச் சாயம் எல்லா உறைகளிலும் இருக்கும். அலுமினிய உறையை எடுத்துவிட்டு, ஊசிகளையும் வெறும் சோப்பு நீரில் அரைமணி நேரம் உருட்டிக் கழுவிய பிறகே அடுத்த தவணையைத் தொடங்க வேண்டும். புதிதாக வாங்கிய ஊசிகளிலும், புதிய உருளையின் ரப்பர் உட்புறத்திலும் தயாரிப்பின்போது தங்கிய எண்ணெய் இருக்கும் என்பதால், அவற்றையும் முதல் முறை இதேபோல வெறுமனே கழுவிவிடுவது நல்லது.

கறுத்துப்போன உறைகளைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. காரணத்தைக் களைந்துவிட்டுப் புதிய நீரில் ஒரு மணி நேரம் உருட்டினால் பெரும்பாலும் மஞ்சள் திரும்பிவிடும்.

அடையாளம்: வெளியே எடுக்கும்போது பொன்னாக இருந்தது, மறுநாள் புள்ளி புள்ளியாக மங்கிவிட்டது

அலசியது போதவில்லை, அல்லது உலர்த்தியது தாமதமாகிவிட்டது. அமிலமும் சோப்பும் நீங்கும்வரை, அதாவது அலசிய நீரில் நுரையும் வழுவழுப்பும் இல்லாமல் போகும்வரை அலச வேண்டும். கடைசி அலசலுக்கு மட்டும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்தினால் சுண்ணாம்புப் புள்ளிகள் வாரா. பிறகு ஒரு பழைய துண்டில் கொட்டி, இரு முனைகளையும் பிடித்து ஆட்டினால் வெளிப்புற ஈரம் போய்விடும். உள்ளே தேங்கும் நீர்தான் சிக்கல். டெக்சாஸ் கோடையில் வாய்ப்புறம் கீழாக வைத்து ஒரு பிற்பகல் வெயிலில் விட்டால் போதும். குளிர்காலத்தில் பழம் உலர்த்தும் மின்பொறி ஒன்றை இதற்கென்றே தனியாக வைத்துக்கொள்ளலாம்.

சமையல் அடுப்பில் உலர்த்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; காரீயம் ஒரு காரணம், வெப்பம் இன்னொன்று. 200 ஃபாரன்ஹீட்டுக்குள் இருந்தால் பித்தளைக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் 250 செல்சியஸை, அதாவது ஏறத்தாழ 480 ஃபாரன்ஹீட்டை நெருங்கினால் பித்தளை இளகத் தொடங்கும். கழுத்து இளகினால் பாதகமில்லை; அழுத்தத்தைத் தாங்க வேண்டிய அடிப்பகுதி இளகினால், அந்த உறை வெடிக்கும்போது சுடுபவரின் முகத்துக்கு நேரே கொதிக்கும் வாயுவைக் கக்கும். தவறுதலாக அப்படிச் சூடுபட்ட உறை எத்தனை பளபளப்பாக இருந்தாலும் குப்பைக்கே.

உலர்ந்தபின் வெறுங்கையால் அளைந்தால் வியர்வையின் உப்பு விரல்ரேகையாகவே பதியும். நெடுநாள் சேமிக்க வேண்டுமானால், பாத்திரச் சோப்புக்குப் பதிலாக மெழுகு கலந்த கார் ஷாம்பூவைக் கடைசிக் கழுவலில் பயன்படுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் தங்கி, மங்குவதை மாதக்கணக்கில் தள்ளிப்போடும்.

அடையாளம்: ஊசியோ, தானியத்தூளோ உறைக்குள் சிக்கியிருக்கிறது

ஊசியின் நீளம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர்; .223 உறையின் கழுத்து உள்விட்டம் ஏறத்தாழ 5.7 மில்லிமீட்டர். ஆகவே உள்ளே குறுக்காகப் படுத்துக்கொண்ட ஊசி தானாக வெளியே விழாது. அந்த ஊசி உள்ளேயே இருக்க மருந்து ஏற்றிச் சுட்டால் அது குழலின் வழியே பறக்கும். உலர்ந்த உறை ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, சிறு விளக்கைக் காட்டி உள்ளே நோக்க வேண்டும். இந்த வேலையைச் சலிப்பு என்று விட்டுவிடுபவர்கள், ஊசி இல்லாமலே சோப்பு நீரில் மட்டும் உருட்டுவது மேல்; உட்புறம் அவ்வளவாகத் துலங்காது என்றாலும் வெளிப்புறம் நன்றாகவே வரும்.

உலர்முறையில் மக்காச்சோளக் கதிரின் நடுத்தண்டுத் தூளோ, வால்நட் ஓட்டுத் தூளோ பயன்படுகிறது. பிரைமரை நீக்கிவிட்டு உருட்டினால் ஒரு குருணை, பிரைமரின் தீ உறைக்குள் பாயும் தீத்துளையில் அடைத்துக்கொள்ளும். அந்தத் துளையின் விட்டம் இரண்டு மில்லிமீட்டர்தான். பிரைமரை நீக்காமல் உருட்டலாம், அல்லது இன்னும் நுண்ணிய தூளை வாங்கலாம். எப்படிச் செய்தாலும் அச்சின் நடு ஊசி அந்தத் துளையினூடே ஒருமுறை போய்வரும்படி வேலையை அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது. தூள் புழுதியாகக் கிளம்பினால் அது காரீயப் புழுதி, வீட்டுக்குள் சலிக்காதீர்கள். துணி உலர்த்தும் பொறியில் போடும் மணத்தாள் ஒன்றை நான்காகக் கிழித்துத் தூளோடு போட்டால் புழுதி பெருமளவு அதில் ஒட்டிக்கொள்ளும்.

அடையாளம்: உறையின் வாய் மடிந்து தடித்திருக்கிறது, குண்டு நுழையும்போது கிறீச்சிடுகிறது

நான்கு மணி நேரத்துக்கு மேல் உருட்டியதன் விளைவு. உறைகள் ஒன்றையொன்று ஆயிரக்கணக்கான முறை இடித்து, வாய் விளிம்பு சுத்தியலால் தட்டியதுபோல உட்புறமாகத் திரும்புகிறது. விளிம்பு சீவும் சிறு கருவியால் உள்ளும் புறமும் ஒரு சுற்றுச் சீவினால் சரியாகும். அடுத்த முறை நேரத்தைக் குறையுங்கள். கிறீச்சிடுவதற்கு மற்றொரு காரணம், அளவுக்கு மீறிய சுத்தம். கழுத்தின் உட்புறத்தில் இயல்பாகத் தங்கும் மெல்லிய கரிப்படலம் ஒரு மசகாக வேலை செய்கிறது. ஈரமுறை அதையும் வழித்தெடுத்துவிடுவதால் வெற்றுப் பித்தளையும் குண்டின் செம்பும் நேருக்கு நேர் உரசுகின்றன. கழுத்துக்குள் கிராஃபைட் தூள் தொட்ட தூரிகையை ஒருமுறை விட்டெடுத்தால் போதும்.

நிக்கல் பூசிய வெள்ளை உறைகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அமிலம் வேண்டாம், சோப்பும் நீரும் போதும். பூச்சு உரியத் தொடங்கினால் கழித்துவிடுங்கள்.

அடையாளம்: எவ்வளவு துலக்கியும் போகாத குறி

போகாத குறியைப் போக்க முயல்வதற்கு முன், அது அழுக்குத்தானா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உறையின் கழுத்திலும் அதன் கீழே சரியும் தோளிலும் மயில்கழுத்து நிறத்தில் நீலமும் ஊதாவும் கலந்து தெரிவது, தொழிற்சாலையில் அப்பகுதியைச் சூடேற்றி இளக்கியதன் தடம். இராணுவ உறைகளில் அதை மெருகிடாமல் அப்படியே விட்டுவிடுவார்கள். அது நல்ல அடையாளம்.

கழுத்தின் வெளிப்புறம் ஒவ்வொரு முறை சுட்டபின்னும் கரியாக வருகிறது என்றால், உறை துப்பாக்கியின் தோட்டா அறைச்சுவரோடு ஒட்டி அடைத்துக்கொள்ளாமல் வாயு பின்னோக்கிக் கசிகிறது. கழுத்து பலமுறை சுட்டுச் சுட்டு இறுகிப்போயிருக்கலாம்; அல்லது அழுத்தம் குறைவாக இருக்கலாம். துலக்குவதால் இது தீராது.

எல்லாவற்றிலும் கொடியது, அடியிலிருந்து ஏறத்தாழ ஆறு மில்லிமீட்டர் உயரத்தில் உறையைச் சுற்றி ஓடும் பளபளப்பான மெல்லிய வளையம். மற்ற இடமெல்லாம் மங்கியிருக்க அது மட்டும் மின்னும். அங்கே சுவர் நீண்டு மெலிந்து, உறை இரண்டாகப் பிரியக் காத்திருக்கிறது. ஒரு காகிதக் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறிது கொக்கி போல மடக்கி, உள்ளே விட்டு அடியிலிருந்து மேலாக இழுத்துப் பாருங்கள். அந்த உயரத்தில் நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்த உறையை நசுக்கிவிடுங்கள். அதே துப்பாக்கியில் அதே தடவை சுட்ட மற்ற உறைகளையும் இதே சோதனைக்கு உட்படுத்த வேண்டும். உறையை நன்றாகத் துலக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இந்த வளையத்தைக் காண்பதற்காகத்தான். கண்ணாடிப் பளபளப்பு வேண்டாம் என்பதற்கும் இதுவே காரணம். முழு உறையும் மின்னினால் இந்த மின்னல் தெரியாது.

அடையாளம்: சுடாமலே, வைத்த இடத்திலேயே நீளவாக்கில் வெடித்திருக்கிறது

இதற்குப் பின்னால் நம் நாட்டோடு தொடர்புடைய ஒரு வரலாறு இருக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவில் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் இருப்பு வைத்த தோட்டாக்களின் பித்தளை உறைகள், யாரும் தொடாமலே விரிசல் விட்டன. பருவகாலத்தோடு வந்ததால் பருவ வெடிப்பு என்றே அதற்குப் பெயரிட்டார்கள். குதிரைச் சிறுநீரிலிருந்து எழுந்த அமோனியாவும், ஈரமான காற்றும், உறையை அச்சில் இழுத்து வடித்தபோது உலோகத்தில் தங்கிய இறுக்கமும் சேர்ந்தே இதை விளைவிக்கின்றன என்பதை 1921இல் மூர், பெக்கின்சேல், மாலின்சன் ஆகிய மூவரும் விளக்கினர். உறையைச் சூடேற்றி அந்த இறுக்கத்தைத் தளர்த்துவது தீர்வாக அமைந்தது.

இன்று நம்மிடம் குதிரை இல்லை. ஆனால் கடையில் விற்கும் பித்தளை மெருகுத் திரவங்கள் சிலவற்றிலும், கண்ணாடி துடைக்கும் நீலத் திரவங்கள் சிலவற்றிலும் அமோனியா இருக்கிறது. பூசைப் பாத்திரத்தைத் துடைத்த அதே திரவத்தை எடுத்து உறையின் மேல் தடவுவது அந்த லாயத்தை வீட்டுக்குள் கொண்டுவருவதற்குச் சமம். புட்டியின் பின்பக்கச் சீட்டைப் படியுங்கள். அமோனியா அல்லது அமோனியம் ஹைட்ராக்சைடு என்று இருந்தால் உறைக்கு ஆகாது. ஏற்கெனவே தடவிவிட்டால் உடனே சுடுநீரில் சோப்பிட்டுப் பலமுறை கழுவி, சில வாரம் கழித்து ஒவ்வொன்றையும் உருப்பெருக்கியில் பாருங்கள். மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தத் தொகுதி முழுவதையும் கழிப்பதே நல்லது. பாதரசம் கலந்த பிரைமரைக் கொண்டிருந்த மிகப் பழைய தோட்டாக்களின் உறைகளும் இப்படித்தான். பாதரசம் பித்தளைக்குள் ஊடுருவி அதை நொறுங்கும்படி ஆக்கிவிடுகிறது, எந்தத் துலக்கலும் அதைத் திருப்பித் தராது.

கழுவிய நீர்

உறை கழுவிய நீரில் காரீயமும் கரைந்த செம்பும் இருக்கின்றன. அதை ஒரு மூடியுள்ள வாளியில் ஓரிரு நாள் தெளியவிட்டு, அடியில் தங்கும் கறுப்பு வண்டலையும், புழுதி ஏறித் தேய்ந்துபோன தானியத்தூளையும் தனித்தனி டப்பாவில் அடைத்து, உங்கள் ஊர் நிர்வாகம் வீட்டு நச்சுக்கழிவுகளைப் பெற்றுக்கொள்ளும் நாளில் கொண்டுபோய்க் கொடுங்கள். தெளிந்த நீரை எங்கே ஊற்றலாம் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம். கொல்லைப்புறத்தில் தொட்டியில் வளர்க்கும் கறிவேப்பிலைச் செடிக்கு மட்டும் ஊற்றிவிடாதீர்கள்.